இரைச்சல் நீக்கும் பொத்தான்

வெள்ளவத்தை
3 பெப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

மெயிலில் என் பெயரைக் கண்டதும் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதற வேண்டாம். எல்லாரும் இருக்கிறோம். அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனால் அதட்டுவதில் ஒரு குறையும் இல்லை. நான் எழுதுவது ஒரு லப்டொப் விசயமாக.

வீடியோக் கடை றேமண்ட் அண்ணன் இனி நேரலை வேலைகளை என்னிடமே தருகிறேன் என்கிறார். கலியாணவீடோ செத்தவீடோ, லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கிற சனம் வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும், படம் தடங்கக்கூடாது. அவருடைய கொட்டாஞ்சேனைக் கடையில் இருக்கிற பழைய கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு திரிய என் முதுகு இடம் தராது. கேமிங் லப்டொப் ஒன்று எடு, அதுதான் தாங்கும் என்கிறார். விளையாடவும்தான் எடுக்கிறேன். உங்களிடம் மறைத்து என்ன வரப் போகிறது?

இரண்டில் ஒன்று என்று வந்து நிற்கிறேன். ஒன்று தடித்தது, பார்க்க இரும்புப் பெட்டி மாதிரி. மற்றது மெல்லியது, கிராபிக்ஸ் காட் ஒரு படி பெரியது, எழுத்துகளுக்குக் கீழே சிவப்பு வெளிச்சம் ஓடுகிறது. விலை இரண்டுக்கும் ஒன்றுதான். கொள்ளுப்பிட்டியில் இதையே விற்கிற அக்கா எனக்கு இருக்கும்போது வேறு யாரைக் கேட்பது?

நேரில் வந்து கேட்டிருக்கலாம் என்று திட்டுவீர்கள். சுவாமி விளக்கில் கை வைத்து நான் அப்பாவுக்குச் சொன்னது உங்களுக்குத் தெரியும். நீங்கள் கஜேந்திரன் அத்தானைப் பதிவுத் திருமணம் செய்த அன்று, "அவளோட ஒரு வார்த்தை கதைக்க மாட்டன் எண்டு சொல்லு" என்றார். கதைக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்த ஓட்டைக்குள்ளால்தான் ஆறு வருடமாக உங்களிடம் வந்து போகிறேன்.

போன கிழமை உங்களைக் கொட்டாஞ்சேனைச் சந்தியில் கண்டேன். கையில் மரக்கறிப் பையோடு பஸ்ஸுக்கு நின்றீர்கள். நான் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டினேன். அது அவிழ்ந்திருக்கவில்லை.

தம்பி
கிஷாந்த்


கொட்டாஞ்சேனை
5 பெப்ரவரி 2024

கிஷாந்த்,

நானும் உன்னைக் கண்டேன். கயிறு கட்ட மூன்று நிமிடம் எடுக்கிற நீ கேமிங் லப்டொப் வாங்கி என்ன கிழிக்கப் போகிறாய் என்று உன் கடிதத்தைக் கண்டதும் நினைத்தேன்.

தடித்ததை எடு. இரண்டாம் பேச்சே வேண்டாம்.

காரணம் கேட்பாய். மெல்லிய உடம்புக்குள் பெரிய காட்டை அடைத்தால் சூடு எங்கே போவது? உள்ளே இருக்கிற ஃபான் கத்தித்தான் அதை வெளியே தள்ள வேண்டும். எங்கள் கடைக்கு வருகிற பெடியன்கள் எல்லாரும் காட் என்ன, எத்தனை ஜீபி என்று கேட்பார்கள். சத்தம் எவ்வளவு என்று இந்த நாலு வருடத்தில் கேட்டது ஒரே ஒருத்தி, கைக்குழந்தை நித்திரை கொள்ளும் அறையில் வேலை செய்கிற ஒரு தாய். மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போய் மூன்றாம் நாள் வந்து நிற்பார்கள். திருப்பி எடுக்க முடியாது, அது பழுது இல்லை, அதன் குணம்.

கடையில் வைத்துக் கேட்டால் ஒன்றும் கேட்காது. ஏசி ஓடும், பாட்டுப் போட்டிருப்பார்கள், வெளியே காலி வீதியில் பஸ்கள் இரையும். பத்து நிமிடம் ஒரு விளையாட்டை ஓடவிட்டு, பின்பக்கத்தில் காதை வைத்துக் கேள். விற்கிறவன் சிரித்தால் சிரிக்கட்டும். நீ போவது செத்தவீட்டுக்கு. அங்கே மைக் இருக்கும். ஐயர் மந்திரம் சொல்லும்போது உன் பெட்டி பக்கத்தில் இருந்து இரைந்தால் லண்டன்காரர் என்னத்தைக் கேட்பார்கள்?

கஜன் சுகம். ஹற்றனில் இருந்து மாமி மரக்கறி அனுப்பியிருந்தா. உன் வீட்டுக்கும் ஒரு பங்கு கட்டினேன், பிறகு யாரிடம் கொடுத்து விடுவது என்று அவிழ்த்துவிட்டேன்.

அம்மா என் பெயரைச் சொல்வதுண்டா? உண்மையைச் சொல். நீ பொய் சொன்னால் எழுத்திலும் தெரியும்.

சிவானி


வெள்ளவத்தை
18 பெப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

மெல்லியதைத்தான் எடுத்தேன்.

திட்டி முடித்துவிட்டு மேலே வாசியுங்கள். கடையில் ஓடவிட்டுக் கேட்கத்தான் போனேன். அங்கே நின்ற பெடியன் அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் போட்டுக் காட்டினான். காதை வைத்துக் கேட்க எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. யூடியூப்பில் சொன்னவர்கள் எல்லாரும் சத்தம் பரவாயில்லை என்றார்கள். அவர்கள் எல்லாரும் காதில் ஹெட்போன் மாட்டியிருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

சத்தம் பரவாயில்லை இல்லை, அக்கா. நம் வீட்டைத்தான் தெரியுமே. கீழ்வீடு, அறைக்கும் அறைக்கும் நடுவில் பலகைத் தட்டி. விளையாட்டைத் தொடங்கினால் மூன்றாம் நிமிடம் ஃபான் எழும்பிவிடும். அப்பா தட்டிக்கு அந்தப் பக்கம் படுத்தபடி அம்மாவைக் கூப்பிட்டு, "பாலேஸ், கட்டுநாயக்காவுக்கு வீடு மாத்தினியோ? பிளேன் ஏறுதெல்லே!" என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா.

பிறகு அவர் சொன்னதைத்தான் உங்களுக்கு எழுத வந்தேன். "இதை வாங்க முந்தி, கொம்பியூட்டர் கடையில வேலை செய்யிற ஆக்களைக் கேட்டிருக்கலாமே?" என்றார்.

அம்மா உங்கள் பெயரைச் சொல்வதில்லை. அப்பா இருக்கும் இடத்தில் சொல்வதில்லை என்று சொல்ல வேண்டும். குளியலறையில் சொல்கிறாவோ என்று எனக்குத் தெரியாது.

கிஷாந்த்


கொட்டாஞ்சேனை
19 பெப்ரவரி 2024

தம்பி,

லப்டொப் கதையை விடு. வாங்கிவிட்டாய், கட்டி அழு.

அப்பா அதைச் சொல்லும்போது உன்னைப் பார்த்துச் சொன்னாரா, சுவரைப் பார்த்துச் சொன்னாரா? "ஆக்கள்" என்றுதான் சொன்னாரா? எங்கே வேலை செய்கிறேன் என்று அவருக்கு யார் சொன்னது? நீ சொன்னாயா?

இதற்கு மட்டும் பதில் போடு.

அக்கா


வெள்ளவத்தை
20 பெப்ரவரி 2024

அக்கா,

சுவரைப் பார்த்து. நான் சொல்லவில்லை. அம்மாவும் இல்லை என்கிறா.

கிஷாந்த்


வெள்ளவத்தை
10 மே 2024

அக்கா,

அப்பா இன்று காலை ஆறரைக்குப் போய்விட்டார். தேத்தண்ணீர் கேட்டார், அம்மா கொண்டு வர முன்னம் முடிந்துவிட்டது. கஷ்டப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொரளையில் மலர்ச்சாலையில் உடலை வைத்துக் கிரியை, மத்தியானம் கனத்தை மயானத்துக்கு எடுக்கிறோம்.

உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இருக்கிறேன். "என்ர செத்தவீட்டுக்கும் அவள் வரக் கூடாது" என்று உங்கள் பதிவு நடந்த அன்றைக்கு அவர் எல்லாருக்கும் முன்னால் சொன்னதைப் பெரியம்மா விடிந்ததிலிருந்து மூன்று தரம் ஞாபகப்படுத்திவிட்டா. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. நான் எதையும் முடிவெடுக்கிற நிலையில் இல்லை.

வெளிநாட்டுச் சனத்துக்கு நேரலை போகும். றேமண்ட் அண்ணன் கமராவைப் பார்க்கிறார், லப்டொப்பை நான் பொருத்திவிட்டுக் கிரியைக்கு இறங்குவேன். இணைப்பைக் கீழே போட்டிருக்கிறேன். நீங்களும் பார்க்கலாம். நீங்கள் பார்ப்பீர்கள் என்று அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன்.

கிஷாந்த்


கொட்டாஞ்சேனை
15 மே 2024

கிஷாந்த்,

பார்த்தேன். தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் பார்த்தேன்.

முதல் இருபது நிமிடம் உன் லப்டொப்பின் இரைச்சல். வேறு ஒன்றும் இல்லை. அப்பா சொன்ன பிளேன் அவருடைய செத்தவீட்டிலும் ஏறிக்கொண்டிருந்தது. அதற்காக உன்னைத் திட்டலாம் என்று இருந்தேன். திடீரென்று இரைச்சல் நின்றுவிட்டது. தண்ணீர் ஊற்றித் துடைத்தது போல. ஐயர் பேசுவது விட்டு விட்டுக் கேட்டது. பெரியம்மா யாரிடமோ "பூ எங்க?" என்று கேட்டதுகூடத் தெளிவாகக் கேட்டது.

அம்மாவின் குரல்தான் கேட்கவில்லை.

அப்பாவின் பெட்டியை மூடும் நேரம் அம்மாவைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். முகம் தெரியவில்லை, உச்சந்தலை மட்டும் தெரிந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். ஒரு சத்தம் இல்லை. முப்பத்தாறு வருடம் ஒன்றாக இருந்த மனிதனுக்கு ஒரு குரல் எடுத்து அழவில்லை. பிறகு கையை மட்டும் கமராப் பக்கம் நீட்டி, போ, போ என்று ஆட்டினா. நான் பார்ப்பேன் என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா? அந்தக் கை எனக்குத்தான். அப்பாவின் சொல்லை அம்மா அப்பாவுக்குப் பிறகும் காப்பாற்றிவிட்டா.

அம்மா ஒரு வார்த்தை சொல்லுவா என்று ஆறு வருடம் காத்திருந்தேன். ஒரே ஒரு வார்த்தை. அது இனி வராது என்று விளங்கிவிட்டது. நான் போன் எடுக்கவில்லை என்று யாரும் குறை சொல்ல வேண்டாம்.

சிவானி


வெள்ளவத்தை
17 மே 2024

அக்கா,

நீங்கள் எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். எனக்குக் கோபம் வருகிறது. அப்பாவின் படத்துக்கு முன்னால் இருந்துகொண்டு கோபப்படக் கூடாது என்று இரண்டு நாள் பொறுத்துத்தான் எழுதுகிறேன்.

அம்மா அழவில்லையா? மலர்ச்சாலை முழுக்கக் கேட்டது, அக்கா. பக்கத்து மண்டபத்தில் இருந்த சிங்களச் சனம்கூட எழும்பி வந்து வாசலில் நின்று பார்த்தார்கள். உங்கள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டா. பெரியம்மா "சும்மா இரு, பாலேஸ்" என்று வாயைப் பொத்தப் போனதை, அந்தக் கையைத் தட்டிவிட்டுக் கூப்பிட்டா. கமராவுக்குள் நீங்கள் நிற்கிறீர்கள் என்று நினைத்து அதைப் பார்த்துக் கை நீட்டினா. போ என்றா ஆட்டினா? வா என்று ஆட்டினா! அம்மா யாரையும் உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டித்தான் கூப்பிடுவா என்று உங்களுக்கு மறந்து போயிற்றா?

அன்றிலிருந்து போனை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறா. மணி அடித்தால் எடுத்துப் பார்க்கிறா, பிறகு வைக்கிறா. நேற்று என்னிடம், "அவ்வளவு சனத்துக்கு முன்னால கூப்பிட்டன். வரவும் இல்ல, ஒரு கோல் எடுக்கவும் இல்ல. அவளுக்கு அவ்வளவு நெஞ்சழுத்தம்" என்றா.

வர மனம் இல்லையென்றால் அப்படியே சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை என்று ஏன் சொல்கிறீர்கள்?

கிஷாந்த்


கொட்டாஞ்சேனை
18 மே 2024

கிஷாந்த்,

எனக்குக் காது இருக்கிறது. பெரியம்மா பூக் கேட்டது கேட்ட காதுக்கு அம்மா கூப்பிட்டது கேட்காமல் போகுமா?

எங்களைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று நீ நல்ல மனதோடு கதை கட்டுகிறாய். தேவையில்லை. அது எனக்கு வலிக்கிறது. இனி எழுதாதே. அப்பாவுக்குச் செய்த சத்தியத்தின் ஓட்டையையும் அடைத்துவிடு.

சிவானி


வெள்ளவத்தை
1 யூன் 2024

அக்கா,

எழுதாதே என்றீர்கள். இதை மட்டும் வாசியுங்கள். பிறகு என்னைத் திட்ட உங்களுக்கு உரிமை உண்டு, நானே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

நான் சொன்னது பொய் இல்லை என்று காட்டத்தான் லப்டொப்பில் இருந்த பதிவைத் திறந்தேன். அம்மா அழும் இடத்தை வெட்டி உங்களுக்கு அனுப்பி, "இந்தாருங்கள், கேளுங்கள்" என்று எழுதுவதற்கு. அந்த இடத்துக்குப் போனேன். ஒரு சத்தமும் இல்லை. சத்தத்தைக் கூட்டினேன். ஹெட்போன் மாற்றினேன். அம்மாவின் கை நீளுகிறது, ஆடுகிறது, ஒரு சத்தமும் இல்லை. நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை.

நடந்ததைச் சொல்கிறேன். மைக் வயர் கட்டை, அதனால் லப்டொப்பை மைக்குக்குப் பக்கத்திலேயே ஒரு முக்காலியில் வைத்தேன். மண்டபத்துச் சூட்டில் ஃபான் எழும்பிவிட்டது. நான் ஈரவேட்டியோடு கிரியையில் நிற்கும்போது லண்டன் மாமாவின் செய்தியை றேமண்ட் அண்ணன் கொண்டு வந்து காட்டினார்: ஒரே இரைச்சலாக இருக்கிறதாம். ஐயரிடம் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு ஓடிப் போய், நேரலை மென்பொருளில் இரைச்சல் நீக்கும் பொத்தானைத் தட்டினேன். இரைச்சல் நின்றது. எனக்கு நல்ல சந்தோசம். அப்பாவின் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அக்காவிடம் திட்டு வாங்கத் தேவையில்லை என்று சந்தோசப்பட்டேன்.

அந்தப் பொத்தானுக்குத் தெரிந்தது ஆட்கள் சாதாரணமாகப் பேசுகிற குரல் மட்டும்தான். இழுத்து, ஏறி இறங்கி வருகிற எதையும் அது இரைச்சல் என்று நினைத்துத் தள்ளிவிடுகிறது. பூ எங்க என்று பெரியம்மா கேட்டதை விட்டுவிட்டது, அம்மாவின் ஒப்பாரியை எடுத்துவிட்டது. நேற்று நான் அதைப் போட்டுவிட்டு முன்னால் இருந்து சோதித்தேன். பேசினேன், சத்தத்தைக் காட்டுகிற பச்சைக் கோடு ஏறியது. தேவாரம் ஒன்றை இழுத்துப் பாடினேன், கொஞ்சம் ஏறி விழுந்தது. பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. சோதிக்க அழவில்லை, உண்மையாகவே வந்தது. கோடு அசையவே இல்லை.

நீங்கள் சொன்ன தடித்த பெட்டியை எடுத்திருந்தால் அந்தப் பொத்தானைத் தொடத் தேவையே வந்திருக்காது.

இனி முக்கியமானது. லப்டொப்பில் இருப்பது அவ்வளவுதான், அதை மீட்க முடியாது. ஆனால் றேமண்ட் அண்ணன் எந்தச் செத்தவீட்டிலும் கமராவின் உள்ளேயும் பதிவைப் போட்டுவிடுவார். அதில் கமராவின் சொந்த மைக். என் பொத்தான் அதைத் தொடாது. செத்தவீட்டு மெமறிக் காட்டை அவர் முப்பத்தோராம் நாள் முடியும் வரை அழிப்பதில்லை. ஒரு பழைய பிஸ்கட் தகரத்துக்குள் ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டி வைத்திருப்பார். அன்றைக்கு இரவோடு அழித்துவிட்டு அடுத்த வேலைக்குக் கொண்டு போய்விடுவார். அப்பாவின் முப்பத்தோராம் நாள் கிரியை, அந்தியேட்டி, ஒன்பதாம் திகதி.

கேட்டேன். "உன்ர அப்பா கதிர்காமநாதன் ஐயாட காட் கிடக்குது, எடுத்துக்கொண்டு போ" என்றார். நான் எடுக்கவில்லை. எனக்குப் போட்டுக் காட்ட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் நேரில் கேட்டவன். அது உங்களுக்கு என்று கூப்பிட்ட குரல், முதலில் நீங்கள் கேளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து கடைக்கு ஐந்து நிமிட நடைதான்.

ஒன்று. ஃபான் சத்தம் அதிலும் இருக்கும். கமரா பக்கத்தில்தான் நின்றது. அதை நீக்கித் தரச் சொல்லிக் கேட்க வேண்டாம். அதை நீக்கினால் அம்மாவும் போய்விடுவா.

கிஷாந்த்


கொட்டாஞ்சேனை
6 யூன் 2024

தம்பி,

உன் கடிதம் வந்து ஐந்து நாள். நான்கு நாள் கடை வாசல் வரை போய்த் திரும்பினேன். அம்மா கூப்பிடவில்லை என்று நம்புவது எனக்குப் பழகிவிட்டது. கூப்பிட்டிருந்தால் நான் என்ன செய்வது?

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்றைக்கு நான் வீட்டிலிருந்து பார்க்கவில்லை. பொரளையில் இருந்தேன். மலர்ச்சாலைக்கு எதிர்ப்பக்கம் ஓட்டோவில். கஜன் பக்கத்தில் இருந்தார். வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு போயிருந்தேன். ஓட்டோக்காரர் "இறங்கேல்லையா, நோனா?" என்று இரண்டு தரம் கேட்டார். அம்மாவின் வாயிலிருந்து என் பெயர் வந்தால் இறங்குவது, இல்லையென்றால் இல்லை என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு போனை மடியில் வைத்துப் பார்த்தேன். தெருவில் பஸ் இரைச்சல், அதனால் ஹெட்போனைக் காதுக்குள் அழுத்தி மாட்டியிருந்தேன். மாட்டாமல் இருந்திருந்தால் நேரே கேட்டிருக்குமோ என்று இப்போது யோசிக்கிறேன். தெரியாது. கை ஆடியதைக் கண்டேன். "வீட்ட போவம்" என்று கஜனிடம் சொன்னேன். அப்பாவின் பெட்டியைத் தூக்கி வெளியே கொண்டு வரும்போது எங்கள் ஓட்டோ திரும்பிக்கொண்டிருந்தது.

நேற்று கடைக்குள் போனேன். றேமண்ட் அண்ணன் என்னைக் கண்டதும் தகரத்தைத் திறந்து காட்டை எடுத்து, கொம்பியூட்டரில் போட்டுத் தந்துவிட்டு, கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

முதல் தரம் ஃபான் சத்தம்தான் கேட்டது. நான் விற்கிற சாமான், அந்தச் சத்தம் எனக்குத் தெரியாததா? இரண்டாம் தரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அந்த இரைச்சலுக்கு அடியில் ஒரு குரல் இருந்தது. "சிவானி, என்ர பிள்ளை, மூடப் போறாங்களடி. வந்து கொப்பற்ர முகத்தைப் பாரடி. ஆர் என்ன சொன்னாலும் சொல்லட்டும், நான் கூப்பிடுறன், வா." நான்கு தரம் கேட்டேன். நான்காம் தரம் இரைச்சலே எனக்குக் கேட்கவில்லை.

றேமண்ட் அண்ணன் உள்ளே வந்து, "வேணுமெண்டா சத்தத்தைக் கொஞ்சம் சுத்தம் பண்ணிப் பாப்பமா, தங்கச்சி?" என்றார். வேண்டாம் என்றேன். அப்படியே பிரதி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, கிஷாந்த். அம்மா பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டா, நான் எதிரில் இருந்தேன், பார்க்கவில்லை. உன் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், கோபம் நிற்கவில்லை. லப்டொப்பை நீ பிழையாக எடுத்தாய். ஆனால் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு இறங்கி நடந்திருக்கலாம் அல்லவா? ஒரு பெயருக்காகக் காத்துக்கொண்டு இருந்தது நான்தானே? இன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பொரளைக்குப் போனேன். ஓட்டோ நின்ற இடத்திலிருந்து மலர்ச்சாலை வாசலுக்கு நடந்து பார்த்தேன். அறுபது காலடி.

அம்மாவிடம் நீ போய்ச் சொல். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ கூப்பிட்டது எனக்கு நேற்றுத்தான் கேட்டது என்று சொல். நான் எங்கே இருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல். அதைக் கேட்ட பிறகும் அவ வா என்றால் அந்தியேட்டிக்கு வருகிறேன். கஜனோடுதான் வருவேன்.

அக்கா


வெள்ளவத்தை
8 யூன் 2024

அன்புள்ள அக்கா,

சொல்லிவிட்டேன். எல்லாம் சொன்னேன், என் பொத்தானையும் சேர்த்து.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எவ்வளவு தூரத்தில நிண்டவள்?" என்று கேட்டா. அறுபது காலடி என்றேன்.

எழும்பினா. செத்தவீட்டுக்குப் பிறகு வாசல் தாண்டாத அம்மா, பெரியம்மா "எங்க போறாய்? நாளைக்குக் கிரியை முடியட்டும்" என்று கத்தக் கத்தச் செருப்பும் போடாமல் வீட்டுக்கு முன்னால் இருக்கிற ஒழுங்கையில் இறங்கினா. நான் பின்னால் போனேன். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு நடந்தா. லோன்றிக் கடையையும் தாண்டி அறுபதில் நின்று, திரும்பி எங்கள் வாசலைப் பார்த்தா. வாசலில் பெரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது, அவவின் சேலைக் கரைகூட அங்கிருந்து தெரிந்தது.

"இவ்வளவுதானா?" என்றா. ஒழுங்கை நடுவில் நின்று அழுதா, அக்கா. நான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, "ரெண்டு பேரையும் வரச் சொல்லு. அவளுக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி வைக்கோணும். மருமேன் என்ன சாப்பிடுவார் எண்டு கேள்" என்றா. வீட்டுக்குள் வந்த பிறகும் இரண்டு தரம் எழும்பிப் போய் வாசலில் நின்று அந்த இடத்தைப் பார்த்தா. இனிமேல் எப்போதும் பார்ப்பா என்றுதான் நினைக்கிறேன்.

நாளைக்கு லப்டொப் இல்லை, கமராவும் இல்லை. வெளிநாட்டுச் சனத்திடம் சொல்லிவிட்டேன்.

அத்தான் என்ன சாப்பிடுவார் என்பதற்குப் பதில் எழுத வேண்டாம். காலை ஏழு மணிக்கு உங்கள் வீட்டு வாசலுக்கு ஓட்டோ கொண்டு வருகிறேன். நானே கேட்கிறேன், வாய் திறந்து.

தம்பி
கிஷாந்த்